ஒரு கொக்குக்காக எழுதிய குறிப்பு

வணக்கம் நேயர்களே.

நான் தனியாக மென்பொருள் எழுதிக்கொடுத்துப் பிழைப்பவன். சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஓர் அறைதான் அலுவலகம். சிக்கல் வந்தால், "இது ஏன் இப்படிச் செய்யுது?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதனால் எழுதிப் பார்க்கிறேன். படித்தது, புரிந்தது, இன்னும் பிடிபடாதது எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைக்கிறேன். அந்தப் பழக்கம் எனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் அக்கா மகள் தொடக்கப்பள்ளியில் படிக்கிறாள். அவளுக்காக ஒரு சின்ன விளையாட்டு செய்தேன். திரையில் படம் வரும், பெயரைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். கொக்குப் படம் வந்தது. அவள் 'கொக்கு' என்று சரியாகத்தான் அடித்தாள். கணினி தவறு என்றது. "மாமா, நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டாள். என் பட்டியலில் இருந்த கொக்கையும் அவள் எழுதிய கொக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

கணினிக்கு எழுத்து என்பது எண். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு; அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் உண்டு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை அதற்கென்றே இருக்கும் ஒரே எண்ணாகவும் வைக்கலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'தான். சில விசைப்பலகைகள் முதல் வகையைத் தரும், சில இரண்டாவதைத் தரும். ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான விதி யூனிகோடிலேயே இருக்கிறது. நான் நிரல் எழுதும் பைத்தான் மொழியில் அது ஒரு வரி வேலை.

அந்த வரியைச் சேர்த்ததும் விளையாட்டு ஓடியது. பெரும்பாலும் நாம் அங்கேயே எழுந்து போய்விடுவோம். நான் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதியதும் கேள்வி கிளம்பியது: அப்படியானால் 'கோ'வுக்கு? 'கௌ'வுக்கு? தேடிப் படித்தேன். 'கோ'வும் அதே கதைதான், இரட்டைக்கொம்பும் காலும். 'கௌ' இன்னும் சுவாரசியம். அதில் பின்னால் நிற்பது பார்வைக்கு ளகரம், ஆனால் ளகரம் இல்லை. அதற்குத் தனி எண் இருக்கிறது. 'கெ' எழுதி 'ள' சேர்த்தால் மனிதக் கண் ஏமாந்துவிடும், கணினி ஏமாறாது. எத்தனையோ பேர் தட்டச்சில் இப்படித்தான் அடிக்கிறார்கள். தேடுபொறியில் சொல் அகப்படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குறிப்பு எழுத உட்காராமல் இருந்திருந்தால் 'கௌ' பக்கம் நான் போயே இருக்கமாட்டேன்.

பிழைப்புக்கான வேலை முடிந்த பிறகு தமிழுக்காகக் கணினி முன் உட்காருவது சிங்கப்பூரில் புதிதல்ல. நா. கோவிந்தசாமியை மூத்த நேயர்கள் அறிவீர்கள். ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 'கணியன்' எழுத்துருவையும் விசைப்பலகையையும் உருவாக்கியவர். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் அங்கே இருந்ததற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். அந்தத் தளத்தை அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது, அதற்குப் பின்னாலும் அவர் இருந்தார். 1999இல் மறைந்துவிட்டார். கதை எழுதியவர் எழுத்துருவும் செய்தார் என்பது எனக்குப் பெரிய தெம்பு. எழுதுகிறவருக்குத்தானே எந்த எழுத்து எங்கே உடைகிறது என்று முதலில் தெரியும்!

நேரம் எங்கே கிடைக்கிறது என்று இளையர்கள் கேட்கிறார்கள். நேராகச் சொல்கிறேன்: வாடிக்கையாளர் வேலைக்குத்தான் முதலிடம். சுயதொழில் செய்பவருக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. ஆண்டுக்கு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் கட்டியாக வேண்டும். அதையெல்லாம் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் நேரத்துக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் சொந்தத் திட்டத்தை வைத்துக்கொள்கிறேன். ஒரே பிள்ளை விளையாடினாலும் போதும். ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முகம் தெரியாத லட்சம் பேருக்காகத் தொடங்கிய என் திட்டங்கள் எதுவும் இப்படி என்னைப் படிக்கவைத்ததில்லை.

கற்பதற்குக் காணொளிகள் போதாதா என்றும் கேட்கிறார்கள். தொடக்கத்துக்குப் போதும். அதன் பிறகு, மற்றவர் எழுதிய நிரலை வரி வரியாகப் படியுங்கள். தமிழ்ச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பை யாரும் திறந்து படிக்கலாம். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து எண். அந்த ஐந்தை எப்படி மூன்றாக்குகிறார்கள் என்று பாருங்கள். பிறகு உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிப் பாருங்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது அகரவரிசை. விளையாட்டில் உள்ள சொற்களை வரிசைப்படுத்தச் சொன்னால், கணினி 'மனம்' முதலில், 'மரம்' பிறகு என்கிறது. அரிச்சுவடிப்படி னகரம் கடைசி எழுத்து, ஆகவே மரம்தான் முன்னால் வர வேண்டும். யூனிகோடு பட்டியலில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கினால் இப்படித்தான் ஆகும். பவளத்துக்கு முன்னால் பழம் வருவதும் இதே சிக்கல்தான். தமிழ் வரிசைக்கான விதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். னகரத்தையும் ழகரத்தையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆய்த எழுத்து இன்னும் பாக்கி இருக்கிறது. குறிப்பில் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.