தெய்வங்களே, அவள் மெய்யாகச் சொல்லட்டும்

நேயர்களுக்கு வணக்கம். ஆறே வரிகள் கொண்ட ஒரு லத்தீன் கவிதையிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். எழுதியவர் கட்டுல்லஸ். வெரோனாவில் பிறந்து, ஜூலியஸ் சீசர் காலத்து ரோமில் வாழ்ந்து, முப்பது வயதையொட்டி இறந்துபோனவர். அவருடைய தொகுப்பில் இது 109ஆம் கவிதை. தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"என் உயிரே, நம் காதல் இனிமையாக இருக்கும், என்றைக்கும் நிலைக்கும் என்கிறாய். பெரிய தெய்வங்களே, அவளால் மெய்யாகவே வாக்குத் தர முடியட்டும். அதை உண்மையாக, மனதார அவள் சொல்லட்டும். இந்தப் புனித நட்பின் உடன்படிக்கையை வாழ்நாள் முழுக்க நாங்கள் காக்க வேண்டும்."

கவனித்தீர்களா? முதல் இரண்டு வரி அவளைப் பார்த்துப் பேசுகிறார். மூன்றாவது வரியில் முகம் வானத்துப் பக்கம் திரும்பிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவள் 'நீ' என்பதிலிருந்து 'அவள்' ஆகிவிடுகிறாள். அவள் சொன்னதை முழுக்க நம்பியிருந்தால் அவளுக்கே பதில் சொல்லியிருப்பார். வேண்டுதலும் விசித்திரமானது. காதல் நிலைக்க வேண்டும் என்று நேரே கேட்கவில்லை. முதலில் அவளுக்கு உண்மையாக வாக்குக் கொடுக்கும் திராணி வரட்டும் என்கிறார். இதைவிட மென்மையாக ஒருத்தியைச் சந்தேகிக்க முடியுமா, தெரியவில்லை.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கவிதைகளில் அவளுக்கு லெஸ்பியா என்று புனைபெயர். உண்மைப் பெயர் குளோடியா என்று இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அப்புலேயஸ் சொல்கிறார். கி.மு. 60இல் ரோமின் உச்ச ஆட்சிப் பதவியான கான்சல் பதவியை வகித்த மெட்டெல்லஸ் செலரின் மனைவிதான் அந்தக் குளோடியா என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்படியானால் இது இன்னொருவர் மனைவியோடு கொண்ட உறவு. அன்றைய ரோமின் மேல்தட்டில் திருமணம் என்பது பெரும்பாலும் குடும்பங்கள் பேசி முடிப்பது. சீதனம் உண்டு, அரசியல் கணக்கும் உண்டு. கட்டுல்லஸின் காதலுக்கோ சாட்சியும் இல்லை, சட்டமும் இல்லை. அதனால்தான் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்படிக்கையின் மொழியை எடுத்துக்கொள்கிறார். அந்த உடன்படிக்கைகளுக்குத் தெய்வங்களே சாட்சி. இங்கேயும் அவற்றைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

இதே தொகுப்பின் 70ஆம் கவிதையில், தெய்வங்களுக்கெல்லாம் அரசனான ஜூப்பிட்டரே வந்து கேட்டாலும் உன்னைத் தவிர வேறு யாரையும் மணக்கமாட்டேன் என்கிறாள் அவள். அதற்குக் கவிஞர் சொல்வது: ஆசையில் தவிக்கும் காதலனிடம் ஒரு பெண் சொல்வதைக் காற்றிலும் ஓடும் நீரிலும்தான் எழுத வேண்டும். 76ஆம் கவிதையில் நிலைமை இன்னும் மோசம். அங்கேயும் ஒரு பிரார்த்தனை உண்டு. அவள் என்னைத் திரும்ப நேசிக்க வேண்டும் என்று இனிக் கேட்கமாட்டேன், கற்போடு இருக்க அவள் விரும்ப வேண்டும் என்றும் கேட்கமாட்டேன், அது நடக்காத காரியம், இந்த நோயிலிருந்து என்னை விடுவியுங்கள், அது போதும் என்கிறார்.

தொகுப்பை வரிசையாகப் படிப்பவர் இந்தக் கைவிரிப்பைப் படித்துவிட்டுத்தான் 109க்கு வந்து சேர்கிறார். அவள் ஒருநாளும் மாறமாட்டாள் என்று எழுதிய கைதான், அவளால் முடியட்டும் என்றும் எழுதுகிறது. இந்த வரிசையைக் கவிஞரே அமைத்தாரா, பின்னால் வந்தவர்கள் அமைத்தார்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. யார் வைத்திருந்தாலும், எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது.

அடுத்த தலைமுறையில் திபுல்லஸ் என்ற ரோமக் கவிஞர் வந்தார். அவருடைய ஆசை அடக்கமானது. ஒரு சின்ன வயல், பக்கத்தில் காதலி தேலியா. என் கடைசி நேரத்தில் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சாகும்போது தளரும் கையால் உன்னைப் பிடித்திருக்க வேண்டும் என்று தம் முதல் கவிதையிலேயே அவளிடம் பாடினார். ஆனால் இரண்டாம் நூலுக்கு வரும்போது காதலி வேறு, பெயர் நெமெசிஸ். கி.மு. 19இல் திபுல்லஸ் இறந்தார்.

அவருக்கு இன்னொரு ரோமக் கவிஞரான ஓவிட் ஓர் இரங்கற்பா எழுதினார். ஓவிட் எப்பேர்ப்பட்ட குறும்புக்காரர் என்பது அவரைப் படித்தவர்களுக்குத் தெரியும். இழவு வீட்டிலும் அந்தக் குறும்பு போகவில்லை. சிதைக்குப் பக்கத்தில் இரண்டு காதலிகளையும் நிற்க வைக்கிறார். என்னைக் காதலித்த காலத்தில்தான் நீ வாழ்ந்தாய் என்கிறாள் தேலியா. உடனே நெமெசிஸ் குறுக்கிடுகிறாள்: என் இழப்புக்கு நீ ஏன் அழுகிறாய்? சாகும்போது தளரும் கையால் அவர் பிடித்திருந்தது என்னை. தேலியாவுக்கென்று எழுதிய வரி, அப்படியே நெமெசிஸின் வாயில்! கேலிதான். ஆனால் வெறும் கேலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆசைப்பட்டபடியே ஒரு கையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் இறந்தார் என்று ஓவிட் எழுதியிருக்கிறார். கை மட்டும் வேறொருத்தியுடையது.

இதுவரை பேசியதெல்லாம் ஆண்களின் சந்தேகம். பெண் தன் சந்தேகத்தைப் பேசும் இடம் ஒன்றும் உண்டு. கி.மு. 23இல் வெளிவந்த, ரோமக் கவிஞர் ஹொரேஸின் பாடல்களில், மூன்றாம் நூலில் வருவது. எழுதியவர் ஆண்தான், அது எனக்கும் நினைவிருக்கிறது. பிரிந்துபோன இருவர் மாறி மாறிப் பேசுகிறார்கள். எனக்கு இப்போது குளோயி இருக்கிறாள், அவளுக்காக உயிரையும் விடுவேன் என்கிறான் அவன். எனக்குக் காலாயிஸ் இருக்கிறான், அவனுக்காக இரண்டு முறை சாவேன் என்கிறாள் லிடியா. சளைத்தவள் இல்லை. கடைசியில் அவன் இறங்கி வருகிறான். பழைய காதல் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறான்.

லிடியா அவனை அளந்து வைத்திருக்கிறாள். காலாயிஸ் நட்சத்திரத்தைவிட அழகன், நீ தக்கையைவிட இலேசானவன், கொந்தளிக்கும் ஏட்ரியாட்டிக் கடலைவிட முன்கோபி என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவனைத் திருத்தச் சொல்லி எந்தத் தெய்வத்தையும் அவள் கூப்பிடவில்லை. அதே மூச்சில், ஆனாலும் உன்னோடு வாழத்தான் எனக்குப் பிரியம், உன்னோடு சந்தோஷமாகச் சாவேன் என்கிறாள். அவன் என்ன பதில் சொன்னான் என்பதை ஹொரேஸ் எழுதவில்லை. பாட்டு அவள் பேச்சோடு முடிகிறது. வணக்கம்.