மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவர்

நேயர்களுக்கு வணக்கம். பாரிஸுக்குப் போகிறவர்கள் அங்கே எந்தெந்த ஓவிய அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். தம்பி மகன் பாரிஸில் வேலை பார்க்கிற புண்ணியத்தில் 2012-இல் ஒருமுறை, 2023-இல் ஒருமுறை என இரண்டு தடவை போய்வந்தேன். முதல் தடவை பார்த்தது அதிகம், இரண்டாம் தடவை பார்த்தது குறைவு. எனக்கு நினைவில் நிற்பதெல்லாம் இரண்டாம் தடவை பார்த்தவைதான். முதல் தடவையில் மிஞ்சியது ஒரே ஒரு படம். அதைப் பிறகு சொல்கிறேன்.

2012-இல் நானும் என் கணவரும் நான்கு நாளுக்கான மியூசியம் பாஸ் வாங்கினோம். அந்த அட்டை கையில் இருந்தால் பல இடங்களுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுக்க வேண்டாம். வசதிதான். ஆனால் வாங்கிய மறுநிமிடமே, கொடுத்த காசுக்கு ஈடுகட்ட வேண்டும் என்ற வேகம் வந்துவிடுகிறது. நான்கு நாளில் ஒன்பது இடம் ஏறி இறங்கினோம். கடைசி நாள் இரவு, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார்: "அந்த நீலச் சேலை கட்டின மாதிரி ஒரு அம்மா இருந்தாளே, அவள் எந்த மியூசியம்?" நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். லூவரா, ஓர்சேயா, வேறு ஏதாவதா? இன்றுவரை அந்த நீலச் சேலைக்காரியை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

லூவரில் மட்டும் ஏறக்குறைய 35,000 பொருட்கள் காட்சிக்கு இருக்கின்றன. ஒன்றுக்குப் பத்து விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல், சாப்பிடாமல், கழிப்பறைக்கும் போகாமல் பார்த்தால்கூட 97 மணி நேரம் ஆகும். காலை திறந்ததிலிருந்து மாலை மூடும்வரை நின்றாலும் பத்து நாளுக்கு மேல். நமக்கு இருப்பதோ ஒரு வாரம், அதிலும் ஈபில் கோபுரம் உண்டு, கடைவீதி உண்டு, சொந்தக்காரர் வீட்டு விருந்து உண்டு. என் அனுபவத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கண் வேலை செய்வதில்லை. கால் நடக்கும், கண் பார்ப்பதுபோல் பாவனை செய்யும், அவ்வளவுதான்.

ஆகையால் நான் கண்டுகொண்ட வழி: ஒரு படம், ஒரு பெஞ்சு. எந்த மியூசியம் என்று முதலில் கேட்கக் கூடாது, எந்தப் படம் என்று கேட்க வேண்டும். புறப்படும் முன்பே வீட்டில் உட்கார்ந்து, ஏதோ ஒரு காரணத்தால் உங்களைப் பிடித்து இழுக்கிற ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அது எங்கே தொங்குகிறதோ அங்கே போங்கள். அதன் எதிரே உட்காருங்கள். மற்றவை வழியில் தட்டுப்பட்டால் தட்டுப்படட்டும். ஒரு படம், ஒரு பெஞ்சு. இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

அதற்கு முன் விடுமுறை நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். பென்சில் பக்கத்தில் இருந்தால் எழுதிக்கொள்ளலாம். லூவருக்கும் ஒராஞ்சரிக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சேக்கும் ரோதான் மியூசியத்துக்கும் திங்கள் விடுமுறை. செவ்வாய் லூவர், திங்கள் ஓர்சே. இதை மனப்பாடம் செய்யாமல்தான் நாங்கள் 2012-இல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கட்டுச்சோறு சகிதமாக லூவர் முற்றத்தில் போய் நின்றோம். 1989-இல் கட்டிய அந்தக் கண்ணாடிப் பிரமிடு பளபளவென்று நிற்கிறது. சுற்றிலும் புறாக்கள். வரிசை இல்லை. "பார்த்தாயா, கூட்டமே இல்லை" என்று என் கணவருக்கு ஒரே மகிழ்ச்சி. கதவருகே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. வேறு வழியில்லாமல் தோட்டத்துக்குள் நடந்து, செய்ன் நதிமேல் இருக்கிற நடைபாலத்தைக் கடந்து ஓர்சேக்குப் போனோம். நான் சொன்ன அந்த ஒரே ஒரு படம் அங்கேதான் கிடைத்தது.

ஓர்சே ஒரு காலத்தில் ரயில் நிலையம். 1900-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. பிற்பாடு ரயில்கள் நீளமாகிவிட்டன, நடைமேடைகள் போதவில்லை. தொலைதூர ரயில்கள் நின்றுபோய், நிலையம் பல காலம் அரைகுறைப் பயன்பாட்டில் கிடந்து, 1986-இல் அருங்காட்சியகமாயிற்று. உள்ளே நுழைந்தால் இன்றைக்கும் ரயில் வரப்போகிற மாதிரிதான் இருக்கும். பெரிய கடிகாரம், வளைந்த கண்ணாடிக் கூரை. எல்லோரும் வான்கோவைத் தேடி ஓடுவார்கள். ஓடட்டும். நானும் ஓடிக்கொண்டிருந்தேன், ஒரு படத்தின் முன்னால் கால் தானாக நின்றுவிட்டது.

படம் இதுதான். ஒரு வெற்று அறை. சாமான் எதுவும் இல்லை. பின்னால் ஒரு சன்னல், அதற்கு வெளியே பூவேலைப்பாடு செய்த இரும்புக் கம்பி. அந்தச் சன்னல் வழியாக வெளிச்சம் தரையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. தரை மரப்பலகையால் ஆனது. மேல்சட்டை இல்லாத மூன்று ஆட்கள் மண்டியிட்டு அந்தப் பலகைகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். சுரண்டிய இடம் வெளிறியிருக்கிறது, சுரண்டாத இடம் மெருகோடு கருத்திருக்கிறது. இரண்டு பேர் தலையைச் சாய்த்து ஏதோ பேசிக்கொள்கிற மாதிரி தெரிகிறது. ஓரத்தில் ஒரு மதுப்புட்டி, ஒரு கண்ணாடிக் குவளை. தரையெங்கும் மரச்சீவல் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

என் அப்பா தச்சர். இழைப்புளி பிடித்துத் தள்ளும்போது அவருடைய முதுகில் வெளிச்சம் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்தச் சீவலைக் காதில் தோடு மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தவள் நான். எங்கள் ஊர்க் கொட்டகையில் விழுந்த அதே சீவலைப் பாரிஸ் நகரத்து அறையில் ஒருவர் உட்கார்ந்து வரைந்துவைத்திருக்கிறார். நாற்பது நிமிடம் நான் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. என் கணவர் ஒரு மாடி முழுவதும் சுற்றிவிட்டு வந்து, "இன்னுமா?" என்றார்.

வரைந்தவர் பெயர் குஸ்தாவ் காய்போட். ஆண்டு 1875. இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஓர்சேயில் நாம் வரிசையில் நின்று பார்க்கிற பல படங்கள் அங்கே வந்ததற்கு இவரும் ஒரு காரணம். பணக்கார வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்தில் அரசு ஆதரவுடன் நடந்த பெரிய கண்காட்சிக்கு இந்தத் தரை சுரண்டும் படத்தை அனுப்பினார். நடுவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயலில் வேலை செய்யும் உழவரை வரைந்தால் ஏற்றுக்கொள்வார்கள். நகரத்துக் கூலியாளை இப்படி வெற்று முதுகோடு வரைந்தால் முகம் சுளிப்பார்கள். அடுத்த ஆண்டு, 1876-இல், மோனே, ரெனுவார், தெகா போன்றவர்கள் தனியாக நடத்திய கண்காட்சியில் இதை வைத்தார்.

அதே 1876-இல் அவர் உயில் எழுதினார். வயது 28. அந்த வயதில் யார் உயில் எழுதுவார்கள்? தம்பி ஒருவர் சின்ன வயதில் இறந்துபோனதில் அவருக்கும் சாவு பற்றிய எண்ணம் வந்துவிட்டது. உயிலில் என்ன எழுதினார் தெரியுமா? நண்பர்களிடம் நான் வாங்கிச் சேர்த்த படங்களை அரசுக்குக் கொடுக்கிறேன். ஆனால் அவற்றைப் பரணிலும் போடக் கூடாது, வெளியூர் மியூசியத்துக்கும் தள்ளிவிடக் கூடாது, முதலில் லுக்சம்பூர் அருங்காட்சியகத்தில், பிறகு லூவரில் வைக்க வேண்டும் என்றார். அன்றைக்கு யாரும் மதிக்காத ஓவியர்கள் அவர்கள். காசில்லாத நண்பர்களிடம் காசுள்ள நண்பர் வாங்கிய படங்கள். 1894-இல், 45 வயதில் காய்போட் இறந்தபோது அரசுக்குப் பெரிய சங்கடம். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் ஏறக்குறைய 40 மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மூங்கில் தட்டியில் வெயில் விழுவதுபோல், ஆடுகிறவர்கள் மேல் மரநிழலும் வெளிச்சமும் திட்டுத் திட்டாக விழும் ரெனுவாரின் நடனக் காட்சி அப்படி வந்தது. புகை மண்டிய ரயில் நிலையத்தை மோனே வரைந்த படமும் அப்படி வந்ததுதான். மிச்சத்தை வேண்டாம் என்றார்கள்.

உயிலில் அவர் தம்முடைய படம் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. தரை சுரண்டுகிறவர்களை அவருடைய வாரிசுகள்தான் பிறகு அரசுக்குக் கொடுத்தார்கள். இல்லையென்றால் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை எதன் முன்னால் நின்றிருப்பேனோ.

நீங்கள் தச்சர் மகளாக இல்லாமல் இருக்கலாம். சமையல்காரர் என்றால் சமையற்கட்டுப் படம் தேடுங்கள். தையல்காரர் என்றால் துணியை வரைந்தவரைத் தேடுங்கள். உங்கள் கைக்குத் தெரிந்ததைக் கண் இன்னும் நன்றாகப் பார்க்கும். ஒரு படம், ஒரு பெஞ்சு.

"அப்படியானால் மோனாலிசா?" என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்து வாருங்கள், பார்க்காமல் வந்தால் ஊரில் பதில் சொல்ல முடியாது. 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம், கண்ணாடிக்குள். 1911-இல் அது திருட்டுப்போனபோது, அது தொங்கிய வெற்றுச் சுவரைப் பார்க்கவே கூட்டம் வந்ததாம். இன்றைக்கும் முக்கால்வாசிப் பேர் பார்ப்பது முன்னால் நிற்பவருடைய கைப்பேசியைத்தான். நான் சொல்வது என்னவென்றால், அங்கே போனதும் அப்படியே பின்புறம் திரும்புங்கள். எதிர்ச்சுவரில் ஒரு கல்யாண விருந்து நடந்துகொண்டிருக்கிறது. வெரோனேசே என்ற வெனிஸ் ஓவியர் 1563-இல் முடித்தது. ஏறக்குறைய 7 மீட்டர் உயரம், 10 மீட்டர் அகலம். லூவரிலேயே பெரிய ஓவியம். கானா ஊர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கதை. ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக வரைந்ததை 1797-இல் நெப்போலியனின் படை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது.

அதில் நூற்றுக்கு மேல் ஆட்கள். நடுவில் இயேசு. மணமக்களைத் தேடவே நேரம் ஆகும். இடது ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். மேலே இறைச்சி வெட்டுகிறார்கள், கீழே பாட்டுக் கச்சேரி. வலது பக்கம் ஒருவர் பெரிய சாடியைச் சாய்த்து ஊற்றுகிறார், இன்னொருவர் கோப்பையைத் தூக்கிப் பிடித்து, இது எங்கிருந்து வந்தது என்பதுபோல் பார்க்கிறார். விருந்துக்கு வந்த ஒரு பெண்மணி பல் குத்திக்கொண்டிருக்கிறாள்! எந்த ஊர்ப் பந்தியில்தான் அப்படி ஒருவர் இல்லை? இத்தனை பெரிய கல்யாணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை கூட்டமும் நிற்கிறது. 2023-இல் மோனாலிசாவுக்கு அரை நிமிடம், இந்தக் கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தோம்.

ஒராஞ்சரியில் பெஞ்சுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் ஆரஞ்சு மரங்களைப் பாதுகாக்கக் கட்டிய கட்டடம், அதனால்தான் அந்தப் பெயர். முதல் உலகப்போர் நின்ற மறுநாளே மோனே எழுதிய கடிதத்தில் தொடங்கிய கொடை, வளர்ந்து இந்த அல்லிக்குளப் படங்களாயிற்று. இரண்டு நீள்வட்ட அறைகள், எட்டுப் பெரும் படங்கள். கண்புரையோடு போராடிக்கொண்டே வரைந்தவை. அவர் இறந்த அடுத்த ஆண்டு, 1927-இல் திறந்தார்கள். மேலேயிருந்து இயற்கை வெளிச்சம் இறங்குகிறது. மேகம் மறைத்தால் குளமும் மங்கும், மேகம் விலகினால் குளமும் தெளியும். அதனால் அங்கே பத்து நிமிடத்தில் எழுந்துவிடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம்தான் போலிருக்கிறது. காய்போட் என் நேரத்தைச் சாப்பிட்டுவிட்டார். மார்மொத்தான் மியூசியத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைத்திருந்தேன், அதை விட்டுவிடுகிறேன். பம்பிதூ மையம் 2025-இல் பெரிய பழுதுபார்ப்புக்காக மூடியது, 2030 வரை மூடியிருக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆகவே அது நம் பட்டியலில் இல்லை. செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பெத்தி பலே என்ற நகராட்சி அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஓர்சேயும் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும்.

முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன், அது இப்போது ஓட்டமாகத்தான் வரப்போகிறது. ரோதான் மியூசியம். சிற்பி ரோதான் வேலை செய்த மாளிகை, பெரிய தோட்டம், ரோஜாச் செடிகளுக்கு நடுவே 'சிந்தனையாளன்' உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சும் உண்டு. அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது இதுதான்: இந்த ரோதானிடம் ஒருவர் நம் நடராஜர் செப்புத் திருமேனிகளின் புகைப்படங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த திருமேனிகள். ரோதான் அவற்றை நேரில் பார்த்ததே இல்லை, புகைப்படத்தை வைத்துக்கொண்டே அந்த உடலின் ஓட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1917-இல் அவர் காலமான பிறகு, 1921-இல் அது அச்சில் வந்தது. ஒரு படம், ஒரு நாற்காலி, அவருக்கும் அவ்வளவுதான் கிடைத்தது.

அவர் நேரில் பார்க்காத திருவாலங்காட்டு நடராஜர் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். நான் இன்னும் பாரிஸில்தான் இருக்கிறேன், நேரம் முடிந்துவிட்டது. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.