மேமோகிராம் எடுப்பதாலேயே புற்றுநோய் வருமா? விடை பழைய காசநோய் விடுதிகளில் இருக்கிறது

வணக்கம். "மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரேயே புற்றுநோயைக் கொண்டுவந்துவிடுமாமே?" இந்தப் பயத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நேராகவே சொல்கிறேன்: வர வாய்ப்பு உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு, எந்த வயதில்? அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

[திரையில்: மேமோகிராம் கருவி]

அளவை வேகமாகப் பார்த்துவிடுவோம். ஒரு முறை பரிசோதித்தால் சுமார் 0.4 மில்லிசீவர்ட்; உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு இது. மண், காற்று, வானம், உணவு எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் நமக்குத் தருவது உலகச் சராசரியாக 2.4. ஆக, இரண்டு மாத இயற்கைக் கதிர்வீச்சு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கரையில் இயற்கையாகவே இந்தச் சராசரியைவிட அதிகம்; அங்குள்ள மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது.

பலரும் இந்த ஒப்பீட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. 0.4 என்பது உடல் முழுவதற்குமாகக் கணக்கிட்ட மதிப்பு. கதிர் விழுவதோ மார்பகத்தின் மீது மட்டும். அங்கே சேர்வது மூன்று, நான்கு மில்லிகிரே (திசு உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு). மார்பகத் திசுவோ கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுவது. இது எப்படித் தெரியவந்தது என்பதுதான் இந்த வீடியோவை எடுக்கவே என்னைத் தூண்டியது.

[திரையில்: பழைய காசநோய் விடுதி, வரிசையாகக் கட்டில்கள்]

காசநோய்க்கு மருந்து இல்லாத காலம். நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, மார்புக்கூட்டுக்குள் ஊசியால் காற்றைச் செலுத்தி அதைச் சுருங்க வைப்பார்கள். சில நாட்களில் காற்று கரைந்துவிடும், மறுபடி ஊசி. ஒவ்வொரு முறையும் உள்ளே என்ன நடக்கிறது என்று எக்ஸ்ரேத் திரையில் பார்ப்பார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில். பிழைத்து வீடு திரும்பிய இளம்பெண்கள் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மார்பகப் புற்றுநோய் வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1965இல் மக்கென்சி என்ற மருத்துவர் இந்தத் தொடர்பை எழுதினார். அந்த மாகாணத்தில் பாதிப்பு கூடுதல். காரணத்தைப் பாருங்கள்: அங்கே பெண்களை எக்ஸ்ரே குழாயைப் பார்த்தபடி நிற்க வைத்தார்கள். கதிர் முதலில் மார்பகத்தில் பாய்ந்தது. மற்ற இடங்களில் முதுகைக் காட்டி நின்றார்கள். திரும்பி நின்றதில் இத்தனை வித்தியாசம்!

பிறகு 1930 முதல் 1952 வரை கனடாவில் சிகிச்சை பெற்ற 31,710 பெண்களை ஆராய்ந்தார்கள். கால்வாசிப் பேருக்கு மேல் மார்பகத்தில் 100 மில்லிகிரேயோ அதற்கும் அதிகமாகவோ வாங்கியிருந்தார்கள். மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுக்குள் கதிரில் நின்ற சிறுமிகள். வயது ஏற ஏற ஆபத்து இறங்கியது. அறிகுறியே இல்லாத பெண்களுக்கு நாற்பதுக்கு முன் பொதுவாக மேமோகிராம் பரிந்துரைக்கப்படாததற்கு இதுவும் ஒரு காரணம். மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள இளம்பெண்களுக்கு முதலில் எம்ஆர்ஐ. அதில் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

[திரையில்: 16 / 968]

இப்போது தராசு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கீடு. ஒரு லட்சம் பெண்கள் 40 முதல் 74 வயது வரை ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்தால், கதிர்வீச்சால் 125 பேருக்குப் புற்றுநோய் வரலாம். 16 பேர் இறக்கலாம். பரிசோதனையால் தவிர்க்கப்படும் மரணங்கள் 968. அந்த 16 பேரையும் நான் எண்ணாமல் விட மாட்டேன். ஐம்பது வயதில் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுத்தால் அந்த 125 வெறும் 27 ஆகிறது, 16 நான்காகிறது. என்னைக் கேட்டால், கதிர்வீச்சைவிட அதிகம் பேசப்பட வேண்டியது தேவையற்ற பயமும், தேவையற்ற பயாப்சியும் (திசுவை எடுத்துச் சோதிப்பது)தான்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தக் கணக்கெல்லாம் அறிகுறி இல்லாதவர்களுக்கு. மார்பகத்தில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், காம்பில் இரத்தம் கசிந்தால், 0.4ஐ எண்ணிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

மேமோகிராம் கருவியின் தட்டு மார்பகத்தை அழுத்தும்போது வலிக்கிறதே என்பவர்களுக்கு: திசு மெலிந்து பரவினால் குறைந்த கதிரே போதும். பரிசோதனை நாளில் அக்குளில் பவுடர் பூசாதீர்கள். அதன் துகள் படத்தில் சந்தேகத்துக்குரிய சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரிந்து, மறுபடி படம் எடுக்க வைக்கும். பழைய படங்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.