அஞ்சு டாக்டர், வந்தது மூணு பேர்: 1983 சிறப்புப் படத்தை எப்படிப் பார்க்கணும்?

[திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு முதியவரின் முகம்]

பிபிசியோட 'டாக்டர் ஹூ' தொடர்ல வந்த 'தி ஃபைவ் டாக்டர்ஸ்' படம் போட்டதும் "கலர் போயிடுச்சா?"ன்னு ரிமோட்டைத் தேடுவாங்க. கலர் எங்கேயும் போகலை. இது 1964-ல எடுத்த துண்டு. டாக்டர் தன் பேத்தி சூசனை ஓர் இடத்துல விட்டுட்டு, ஒரு நாள் திரும்பி வருவேன்னு சொல்லி விடைபெறுற காட்சி. இந்த முகத்தை நல்லாப் பார்த்து வெச்சுக்கோங்க. இதுக்கப்புறம் படம் முழுக்க இது வராது.

இவர் வில்லியம் ஹார்ட்னெல். 1963 நவம்பர் 23-ம் தேதி 'டாக்டர் ஹூ'ங்கிற காலப் பயணத் தொலைக்காட்சித் தொடர் தொடங்கினப்போ இவர்தான் டாக்டர். கதையில டாக்டர் உடம்பையே மாத்திக்கிற வேற்றுக்கிரகவாசி, அதனால நடிகர் மாறினா அடுத்த டாக்டர். 1975-ல இறந்துட்டார். 1983-ல தொடருக்கு 20 வயசு ஆச்சு. அந்த விழாவுக்காக பிபிசி எடுத்த 90 நிமிஷப் படம்தான் 'தி ஃபைவ் டாக்டர்ஸ்'. எழுதினவர் டெரன்ஸ் டிக்ஸ், இயக்கினவர் பீட்டர் மொஃபட். அதுவரைக்கும் வந்த அஞ்சு டாக்டரும் ஒரே கதையில சேரணும். முதல் டாக்டர் உயிரோட இல்லை. நாலாவது டாக்டர் டாம் பேக்கர் வர மாட்டேன்னுட்டார். அஞ்சு இலை போட்ட பந்தியில ரெண்டு இலை காலி. அதை எப்படி நிரப்பினாங்கன்னு கவனிச்சுப் பார்த்தா, இந்தப் படம் இன்னும் பல மடங்கு ருசிக்கும்.

[திரையில்: வாசகசாலை சுவர், புரொஜெக்டர்]

பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார்ப் பக்கம் வாசகசாலையில பத்துப் பேரா உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு முதல்ல சில ஏற்பாடுகள்.

டிவிடிக்கு எந்த நாட்டு பிளேயர்ல ஓடும்னு ஒரு ரீஜன் எண் உண்டு. பிரிட்டன் டிவிடி வாங்கினா அது ரீஜன் 2. இந்தியா ரீஜன் 5. சாதாரண பிளேயர் டிஸ்க்கைத் துப்பிடும், மல்டி ரீஜன் பிளேயர் வேணும். 2008 பதிப்புல ரெண்டு வடிவம் இருக்கு: 1983-ல ஒளிபரப்பானது ஒண்ணு, 1995-ல புது கிராஃபிக்ஸ் சேர்த்தது இன்னொண்ணு. முதல் தடவை 1983 வடிவத்தைப் போடுங்க. அதுல டாக்டர்களை அவங்கவங்க காலத்துல இருந்து கடத்துறது ஒரு கறுப்பு முக்கோணம். அது மெல்ல அவங்க மேல வந்து விழறதுல ஒரு பயம் இருக்கு. 1995-ல அதைச் சுழல்காத்து மாதிரி மாத்திட்டாங்க, அந்தப் பயமும் போயிடுச்சு.

டிவியில 'மோஷன் ஸ்மூத்திங்'னு ஒரு அமைப்பு இருக்கும். அதை அணைச்சிடுங்க. ஸ்டுடியோக் காட்சிகள் வீடியோ டேப்ல, நொடிக்கு 50 புலமா, அதாவது 50 பாதிப் படமா எடுத்தது. வெளிப்புறக் காட்சிகள் 16 மில்லிமீட்டர் பிலிம்ல, நொடிக்கு 25 முழுப் படம் (ஃப்ரேம்). அதனாலதான் உள்ளே நடக்கிறது நாடக மேடை மாதிரி பளிச்சுன்னும், வெளியே நடக்கிறது சினிமா மாதிரியும் தெரியும். ஸ்மூத்திங் ஓடினா ரெண்டும் ஒரே குழம்பாயிடும். படம் 4:3 அளவு, ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அதை நிரப்பறதுக்காக இழுத்தா டாக்டர்கள் எல்லாம் குண்டாயிடுவாங்க.

வெளியில வேட்டி கட்டித் திரையிட்டா, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அதைப் பாய்மரம் ஆக்கிடும். கீழ் ஓரத்தைப் பை மாதிரி தைச்சு, உள்ளே இரும்புக் குழாய் செருகுங்க. மழைக்காலத்துல தகரக் கூரைக்குக் கீழே போட்டா வசனம் கேட்காது. ஓட்டு வீடோ கான்கிரீட்டோ பாருங்க.

[திரையில்: கேம்பிரிட்ஜ் ஆத்துல படகு]

இப்ப காலி இலைகளுக்கு வருவோம். டாம் பேக்கர் படகு தள்ளிட்டு வர்ற காட்சியைப் பாருங்க. இது இந்தப் படத்துக்கு எடுத்ததே இல்லை. 1979-ல 'ஷாடா'ன்னு ஒரு கதை எடுத்துட்டு இருக்கும்போது பிபிசியில வேலை நிறுத்தம் வந்து, கதை பாதியில நின்னுச்சு. ஒளிபரப்பாகாத அந்தச் சுருள்ல இருந்து எடுத்தது இது. டாக்டரைக் கடத்தும்போது கோளாறாகி அவர் காலச் சுழல்ல மாட்டிக்கிட்டார்னு கதையில ஒரு வரி. அவ்வளவுதான், ஆள் இல்லாத குறை கதையோட முடிச்சாவே மாறிடுச்சு. கடைசியில அவரை விடுவிக்கும்போது வர்றதும் அதே சுருள்ல இருந்து எடுத்த இன்னொரு துண்டுதான். விளம்பரப் புகைப்படத்துல மத்தவங்களோட நிக்கிற டாம் பேக்கர், மேடம் துசாட்ஸ் மெழுகுச் சிலை. தொடரை முன்னாடியே பார்த்தவங்க கூட்டத்துல இருந்தா, இதைக் கேட்டதும் திரும்ப ஓட்டச் சொல்வாங்க.

முதல் டாக்டரா நடிக்கிறவர் ரிச்சர்ட் ஹர்ண்டல். ஹார்ட்னெல் முகத்தைப் பார்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகாதப்பவே இவர் வர்றார். "இது வேற ஆளு"ன்னு யாராவது சொல்லத்தான் செய்வாங்க, அவசரப்பட வேண்டாம். ஹார்ட்னெல் குரலை இவர் அப்படியே காப்பி அடிக்கலை. சிடுசிடுப்பு, கூர்மை, சின்னவங்களை அதட்டுற தோரணை, இதை மட்டும் எடுத்துக்கிட்டார். சரியான முடிவுன்னு நாங்க நினைக்கிறோம். கண்ணாடி மாதிரி மின்னுற நடைபாதையில சூசனா வர்றவங்க கேரல் ஆன் ஃபோர்ட், 1964 காட்சியில ஹார்ட்னெல் விடைகொடுத்த அதே பேத்தி. தாத்தா முகம் வேற, உறவு அதேதான். டாக்டரோட பழைய எதிரியான டாலெக் சுட்ட கதிர் சுவர்ல பட்டுத் திரும்பி அதையே அழிக்கிறதும் இங்கேதான்.

[திரையில்: பாறைகள் நடுவே வெள்ளி நிற உருவம்]

கூட்டம் மொத்தமா சத்தம் போடற இடம் இது. ராஸ்டன் ரோபோ. முகம் இல்லை, வெள்ளி உடல், அசைவைக் கண்டா தாக்கும். மூணாவது டாக்டரும் அவரோட தோழி சாராவும் அசையாம நிக்க, சைபர்மேன்ங்கிற இயந்திர மனுஷங்க படையையே அது சிதைச்சிடுது. இங்கே இருந்து மறையும், அங்கே தோணும், நடக்கிறதே தெரியாது. வேலை ரொம்ப எளிமை: கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்தி, மறுபடி ஓட்டறது. படம் பிடிச்ச வேல்ஸ் நாட்டு மூடின வானத்துல நிழல் கூர்மையா விழாததால ஒட்டு தெரியாம போச்சு.

போன்லயே இதைச் செய்யலாம். ட்ரைபாட்ல வெச்சு, திரையை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்க. நிக்கிற இடங்களைக் கூழாங்கல்லால குறிச்சுக்கோங்க. பதிவை நிறுத்தவே வேண்டாம். ஆள் ஒரு நிலையில 2 நொடி உறைஞ்சு நிக்கட்டும், அடுத்த கல்லுக்கு நடந்து போய் மறுபடி உறையட்டும், நடந்த பகுதியை எடிட்ல வெட்டிடுங்க. கெடுக்கிறது ரெண்டே விஷயம். ஒண்ணு வெயில்: மேகம் கடந்தா வெட்டின இடத்துல தரை நிறம் குதிக்கும். இன்னொண்ணு நம்ம பக்கத்துப் பனை, தென்னை: பின்னாடி ஓலை ஆடினா ஒவ்வொரு வெட்டுக்கும் அதுவும் துள்ளும். பாறையோ சுவரோ பின்னாடி இருக்கட்டும்.

[திரையில்: சதுரங்கக் கட்டத் தரை]

அடுத்து புரியாம நிக்கிற இடம். பாதி கடந்த பிறகு மின்னல் தாக்கிக் கொல்லுற கட்டத் தரை. டாக்டரோட எதிரி மாஸ்டர் அதைத் தாண்டறதைப் பத்தி "பை மாதிரி சுலபம்"னு ஆங்கிலப் பேச்சு வழக்குல சொல்றான். அங்கே பைன்னா அவங்க சாப்பிடற பண்டம். முதல் டாக்டருக்கு அது கிரேக்க எழுத்து பையாக் கேட்குது, வட்டச் சுற்றளவை விட்டத்தால வகுத்தா வர்ற எண். தமிழ்க் காதுக்கு மூணாவதா கடைக்குக் கொண்டு போற பையும் வந்து நிக்கும். படத்தை இங்கே நிறுத்தி ஒரு நிமிஷம் சொல்லிடுங்க, இல்லைன்னா அந்தக் காட்சியே வீணாயிடும்.

பைக்கு நாம வெளியூர் போக வேண்டியதில்லை. பக்கத்து திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாலக்குடா ஊர்க்காரர்னு பொதுவாச் சொல்லப்படற சங்கமகிராம மாதவன், 14-ம் நூற்றாண்டுலயே இதுக்கு முடிவில்லாத் தொடர் கண்டுபிடிச்சவர். 4-ல இருந்து 4/3 கழி, 4/5 கூட்டு, 4/7 கழி, 4/9 கூட்டு. இந்த அஞ்சு உறுப்புல வர்றது 3.3397. நூறு உறுப்பு போட்டாலும் 3.1316 தான், அவ்வளவு மெதுவா நெருங்கும். அதனால மாதவன் திருத்தங்களும் சேர்த்தார். பையோட மதிப்பை 11 தசம இடம் வரைக்கும் சரியாக் கொண்டுவந்தார். அந்தப் பையை வெச்சுக் கட்டங்களை எப்படித் தாண்டறதுன்னு படம் விளக்காது. கதை அதுக்காக நிக்கவும் இல்லை.

[திரையில்: எழுத்துகள் மேலே ஏறுகின்றன]

கல்லறையில, டாக்டர் இனத்தோட முன்னோடி ராசிலானோட புதிர் அவிழ்ந்து, எல்லாரும் கிளம்பினதும் யாராவது லைட் போட எழுந்திருப்பாங்க. உட்காரச் சொல்லுங்க. கடைசி எழுத்துகளுக்குப் பின்னாடி முதல்ல கேட்கிறது 1963 தொடக்க இசை. ரான் கிரெய்னர் மெட்டு, டெலியா டெர்பிஷயர் சிந்தசைசர் இல்லாம, ஒலி நாடாவைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டிச் செஞ்சது. கொஞ்ச நேரத்துல அது பீட்டர் ஹாவெலோட 1980 வடிவத்துக்குள்ள கரையும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சா, மாறுற இடம் தெளிவாக் கேட்கும்.