வளவுக்கு மேல் ஷீட் போடுவதற்கு முன்

எல்லோருக்கும் வணக்கம். பழைய வீட்டைச் சரிசெய்கிறோம் என்றாலே, "எத்தனை டன் ஏ.சி. வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்பேன். வீட்டில் யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் புழுங்குகிறது?

செட்டிநாட்டில் எங்கள் வீட்டில் நாங்களே ஒரு தவறு செய்தோம். சாரலும் குரங்குத் தொல்லையும் தாங்காமல் வளவுக்கு, அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்துக்கு, மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். சாரல் நின்றது. ஆனால் அந்தக் கோடையில் முற்றத்தை ஒட்டிய கூடமான பட்டாலையில் உட்கார முடியவில்லை. சூடான காற்று மேலேறி வெளியே போக வளவுதான் வழி. இரவில் முற்றத்துத் தரை தன் சூட்டை வானத்துக்கு விடுவதும் அதன் வழியாகத்தான். இரண்டையும் அடைத்துவிட்டோம். மறு வருடமே ஷீட்டைக் கழற்றிவிட்டு, குரங்குக்குக் கம்பி வலை போட்டோம். சாரலுக்கு, முன்னோர் செய்தது போலத் தூண்களுக்கிடையே தட்டி கட்டினோம்.

அளக்காமல் எதையும் செய்யக்கூடாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாதாரண வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் சொல்லும். உடம்போ சுவரும் கூரையும் வீசுகிற அனலையும் வாங்குகிறது. காற்று அசையாத அறையில் இரண்டுக்கும் ஏறக்குறைய சம பங்கு. காற்று 32 டிகிரி, சுற்றியுள்ள சுவர், கூரை, தரையின் சராசரி 38 என்றால், உடம்புக்கு அது 35 மாதிரி. இதை அளக்க, ஒரு டேபிள் டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்து உள்ளே வெப்பமானி முனையைச் செருகினால் போதும்.

டென்மார்க் ஆராய்ச்சியாளர் ஃபாங்கர் 1970-இல், ஓர் அறை உடம்புக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்று பார்க்க, காற்றின் சூடு, அனல், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, செய்யும் வேலை என்ற ஆறையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். ஏ.சி. அறைக்குப் பொருந்திய அந்தக் கணக்கு, ஜன்னல் திறந்த கட்டடங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் கூடுதல் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று 1998-இல் டி டியர், பிரேகர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம் ஆச்சிமார் வெயிலுக்கு ஏற்றபடி இடம் மாறி உட்கார்ந்ததை நினைத்துப் பாருங்கள்.

அதனால் பந்தை முகப்பு, பட்டாலை, மாடி என்று வைத்துப் பாருங்கள். கூடவே அங்கே இருப்பவரையும் கேளுங்கள். அனல் ஓட்டுக் கூரையிலிருந்து வந்தால் முதலில் கூரையைப் பாருங்கள். மின்விசிறிக் காற்று மட்டுமே 2, 3 டிகிரி குறைந்தது போல உணரவைக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் மட்டும் பூசாதீர்கள், தயவுசெய்து. சுவரில் ஏறுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, பூச்சு உதிரும், அறையில் முடைநாற்றம் அடிக்கும்.

அப்புறம், வயதானவர்களுக்குப் புழுக்கத்தைவிடப் பெரிய கஷ்டம் இரவில் இருட்டில் மூன்று கட்டு தாண்டிக் கழிப்பறைக்குப் போவது. அதையும் இந்தக் கணக்கில் சேருங்கள்.

ஏ.சி.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் மாடியில் ஓர் அறைக்குப் போட்டிருக்கிறோம், உடம்பு முடியாதவர்களுக்காக. அந்தக் கறுப்புப் பந்துகள் நாலைந்து கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொண்டு போய், ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள்.