மூன்று சாவிப் பெட்டி

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இன்னும் சில வாரத்தில் ஏப்ரல் 15 வந்துவிடும். பாம்பனிலும் மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஜூன் 14 வரை, 61 நாள். மீன் இனம் பெருகட்டும் என்று கடலுக்குக் கொடுக்கிற ஓய்வு அது. வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த 61 நாளும் அடுப்பு எப்படி எரிகிறது என்பது அடுப்படியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வரும். அது தீர்ந்தபிறகு தோடு அடகுக்குப் போகும். அப்புறம் வட்டிக்காரர் வீட்டு வாசல்.

‘கடலை மூடுகிற மாதத்தில் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?’ என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில், ராங்காமாட்டி மாவட்டத்தில், மூங்கில் கால்களின் மேல் நிற்கிற ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலையும் அவர் எனக்குக் காட்டிய ஒரு தகரப் பெட்டியையும் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் பாம்பன் பக்கம் பிறந்தவள். அம்மா பாசி எடுக்கப் போனவர். பாசி எடுக்கிற பெண்கள், கருவாடு போடுகிற பெண்கள், நண்டு உடைக்கிற பெண்கள், இவர்களோடு இருபது வருஷத்துக்கு மேலாகக் குழு வேலை பார்க்கிறேன். அந்த வேலையில்தான் ஒரு குளிர்காலத்தில் ராங்காமாட்டி போக வாய்ப்பு வந்தது. சண்டை ஓய்ந்த பழங்குடிப் பகுதியில் ஊர்க்குழுக்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவரச் சொன்னார்கள். பதினெட்டு நாள் இருந்தேன்.

வங்கதேசம் என்றால் நமக்கு ஆறும் வெள்ளமும்தான் ஞாபகம் வரும். அதன் தென்கிழக்கு மூலையில் ராங்காமாட்டி, காக்ராசரி, பந்தர்பான் என்று மூன்று மலை மாவட்டங்கள் இருக்கின்றன. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சக்மா, மர்மா, திரிபுரா, ம்ரோ என்று பதினொரு பழங்குடிகள் அங்கே வாழ்கிறார்கள். மலைச்சரிவில் காட்டை வெட்டி, காயவைத்து எரித்து, மழையோடு விதைப்பார்கள். அந்த விவசாயத்துக்கு ஜூம் என்று பெயர். ஒரே குழியில் நெல், பருத்தி, எள், மக்காச்சோளம், வெள்ளரி, பூசணி என்று கலந்து போடுவார்கள். ஒவ்வொன்றும் விளைய விளைய, மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் வருவது பருத்தி.

ராங்காமாட்டி நகரமே ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிறது. பார்க்க அவ்வளவு அழகு. அந்த ஏரி வந்த கதை அழகில்லாதது. 1962-இல் கர்ணபூலி ஆற்றின் குறுக்கே காப்தாய் அணையைக் கட்டி முடித்தார்கள். அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். மின்சாரம் எடுக்கத்தான் அணை. 54,000 ஏக்கர் வயல் தண்ணீருக்குள் போனது. மலைப்பகுதியில் ஏர் பூட்டி உழக்கூடிய நல்ல நிலத்தில் அது நாற்பது சதவீதம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீடு வாசல் இழந்தார்கள். பழைய நகரமும் சக்மா ராஜாவின் அரண்மனையும் ஏரியின் அடியில்தான் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான சக்மாக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்து, அருணாச்சலப் பிரதேசம் வரை போனார்கள். ‘பொர் பொரங்’ என்று அதைச் சொல்கிறார்கள். பெரும் பெயர்வு என்று அர்த்தம். ஏரிக்கரையில் இருந்த பல கிராமங்களுக்கு அந்த அணையின் மின்சாரம் ரொம்ப காலம் எட்டிப் பார்க்கவே இல்லை.

ஏரியில் படகில் போகும்போது எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி நாம் வளர்ந்த கதை. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவரும் இன்னும் நிற்கின்றன. நம் ஊரைப் புயல் கொண்டுபோனது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் ஊரை ஒரு திட்டம் கொண்டுபோனது. வளர்ச்சி என்று பேர் வைத்து வந்த திட்டம். அந்த மலையில் ‘வளர்ச்சி’ என்று சொன்னால் வயசானவர்கள் முகம் ஏன் மாறுகிறது என்று அந்தப் படகில்தான் எனக்குப் புரிந்தது.

வங்கதேசம் பிறந்தபிறகும் அவர்களுடைய குறை தீரவில்லை. எழுபதுகளின் நடுவில் ஆயுதப் போராட்டம் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1979 தொடங்கிச் சில ஆண்டுகள், சமவெளியிலிருந்து வங்காளிக் குடும்பங்களை அரசே லட்சக்கணக்கில் கொண்டுவந்து குடியேற்றியது. அவர்களும் நிலமில்லாத ஏழைகள்தான், நிலம் தருகிறோம் என்று சொன்னதை நம்பி வந்தவர்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த நிலத்தில் பெரும்பங்கு, பழங்குடிகள் ஜூம் போட்டு வந்த ஊர்ப்பொது நிலம். ஏழையும் ஏழையும் எதிரெதிரே நிற்க வேண்டியதாகிவிட்டது. கிராமங்கள் எரிந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரிபுராவில் அகதி முகாம்களில் இருந்தார்கள். முகாம் என்றால் என்ன என்று நம் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தனுஷ்கோடி மணல்திட்டில் வந்து இறங்கியவர்களை நாம் கண்ணால் பார்த்தோம், மண்டபம் முகாமில் அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்தோம்.

1997 டிசம்பர் 2-ஆம் தேதி அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. முகாமில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அதன்பிறகு சாலை வந்தது, வெளிநாட்டு உதவி வந்தது, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2003-இலிருந்து அங்கே வேலை செய்கிறது.

சாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரசவ வலி வந்த பெண்ணை மூங்கில் தொட்டிலில் கட்டி மலையிறக்கிய கதையை அங்கே கேட்டேன். ஆனால் நிலம் யாருடையது என்று முடிவாகாத இடத்தில் சாலை போட்டால், அந்தச் சாலையில் முதலில் வருவது ஆம்புலன்ஸாக இருக்காது. நிலம் வாங்க வருகிறவர் கார்தான் முதலில் வரும், மரம் ஏற்ற வருகிற லாரி அதற்குப் பின்னால் வரும். ஜூம் நிலத்துக்குப் பட்டா கிடையாது. இந்தச் சரிவு இந்தக் குடும்பம் வெட்டியது என்பது ஊருக்குத் தெரியும், ஊர்த்தலைவரான கார்பாரிக்குத் தெரியும், அவருக்கு மேலே இருக்கிற ஹெட்மேனுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் காகிதத்தில் இருக்காது. ஒப்பந்தப்படி நிலத் தகராறு ஆணையம் ஒன்று வந்தது. 2001-இல் அதற்குச் சட்டம் போட்டார்கள், 2016-இல் திருத்தினார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன. தீர்ப்பு வரவில்லை. மூன்று மாவட்டக் கவுன்சில்களுக்கு 1989-இல் தேர்தல் நடந்ததோடு சரி, அதன்பிறகு நியமன உறுப்பினர்கள்தான். பணம் எவ்வளவு வந்தாலும், எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்யும் இடத்தில் அந்த ஊர்க்காரர் உட்காரவில்லை என்றால் அது இன்னொரு அணைதான். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

நாங்கள் போனது சுமார் நாற்பது வீடு இருக்கும் ஒரு பாரா. பாரா என்றால் குக்கிராமம். வழியில் சோதனைச்சாவடியில் என் பெயரை எழுதி, அனுமதிச் சீட்டைப் பார்த்து, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார்கள். கடலுக்குப் போகுமுன் டோக்கனும் அடையாள அட்டையும் எடுத்துப் பழகிய ஊர்க்காரி நான், எனக்கு அது புதிதாக இல்லை. மத்தியானம் சோறு போட்டார்கள். மூங்கில் குருத்துக் கறி. முதல் கவளத்திலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தால் இல்லை. கறியில் நாப்பி போட்டிருந்தார்கள். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்துக் காயவைத்த விழுது அது, கடற்கரையிலிருந்து மலையேறி வருகிறது. அப்படியே நம் கருவாட்டு வாடை.

சாப்பிட்டபிறகு பாட்டி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தார். பழைய தகரப் பெட்டி, பச்சை வண்ணம் உரிந்து கிடந்தது. அதில் மூன்று கொண்டி, மூன்று பூட்டு. ஒரு சாவி பாட்டியின் இடுப்பில். இரண்டாவது சாவி, பிள்ளையை முதுகில் கட்டியிருந்த ஓர் இளம்பெண்ணிடம். மூன்றாவது சாவிக்காரர் ஜூம் காட்டிலிருந்து வரவேண்டும் என்று முக்கால் மணிநேரம் காத்திருந்தோம். விருந்தாளி வந்திருக்கிறாள் என்பதற்காக அந்தப் பெட்டியை இரண்டு சாவியால் திறக்க முடியாது. அந்த முக்கால் மணிநேரத்தில் நான் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது, ஒருவராவது எழுதப் படிக்கத் தெரியாதவராக இருக்க வேண்டும். ஏன் அப்படி என்று கேட்டேன். ‘படித்தவர்கள் மட்டும் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார்கள்’ என்றார் அந்த இளம்பெண்.

பெட்டிக்குள் கொஞ்சம் பணமும் ஒரு நீள நோட்டும் இருந்தன. அது அரிசி வங்கி நோட்டு. ஊர்க்குழுவுக்கு முதலில் ஒரு தொகை வந்தபோது, என்ன வாங்கலாம் என்று ஊரே கூடி இரண்டு நாள் பேசியிருக்கிறார்கள். ஆண்கள் பசுமாடு என்றார்கள். பெண்கள் நெல் என்றார்கள். விதைத்து முடித்து, பழைய நெல் தீர்ந்து, புது நெல் வராத மாதங்கள் இருக்கிறதே, அப்போது காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றவர்கள் அவர்கள். வட்டிக்கு நெல் வாங்கினால் அறுத்ததில் பாதி கடன்காரருக்கே போய்விடும். அதனால் நெல் வாங்கி ஒரு களஞ்சியம் கட்டினார்கள். பஞ்சமாதத்தில் கூடையில் அளந்து கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் வாங்கியதோடு கொஞ்சம் கூட்டித் திருப்பித் தர வேண்டும். யார் எத்தனை கூடை என்பதற்கு நோட்டில் பெயருக்கு எதிரே சின்னச் சின்னக் கூடை படம் வரைந்திருந்தது. விதவை ஒருவர் பெயருக்கு எதிரே வட்டமிட்டிருந்தார்கள். அவர் கூட்டித் தரவேண்டாம், வாங்கியதைத் தந்தால் போதும்.

நோட்டில் தலைப்பை மட்டும் இளம்பெண்ணின் மகன் சக்மா எழுத்தில் எழுதியிருந்தான். 2017-இலிருந்து சக்மா, மர்மா, திரிபுரா உள்ளிட்ட ஐந்து மொழிகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அரசு பாடநூல் கொடுக்கிறது. அதைச் சொல்லித்தரத் தெரிந்த ஆசிரியர்கள்தான் போதவில்லை. பாட்டிக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ஆனாலும் விரலை அதன்மேல் வைத்துத் தடவிக்கொண்டே பேசினார்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர்கள் ஏரியிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் மீன்பிடிக்கத் தடை உண்டு. அதனால் எங்கள் தடைக்காலம் அவருக்குச் சட்டென்று புரிந்தது. கடலை மூடுகிற மாதத்தில் என்ன சாப்பிடுவீர்கள்? நான் உள்ளதைச் சொன்னேன். வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுவோம் என்றேன். ‘இத்தனை வருஷமாகவா?’ என்றார். மொழிபெயர்த்த பெண் அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள்.

நம்மிடம் குழு இல்லையா, இருக்கிறது. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கிற பெண்கள் தாங்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது, மரிக்கொழுந்துப் பாசியை இரும்பு கொண்டு சுரண்டாமல் விரலில் துணி சுற்றிக் கையால் பறிப்பது. தீவுகளைத் தேசியப் பூங்கா என்று 1986-இல் அறிவித்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கடலைக் காப்பாற்றுகிற சட்டத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், பல வருஷத்துக்கு முன் எங்கள் ஊருக்கு ஓர் அமைப்பு வந்து பன்னிரண்டு தையல் மிஷின் இறக்கிவிட்டுப் போனது. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். தையல் வேண்டுமா, ஐஸ் பெட்டி வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துரு ஏறிவிட்டது. கொடுத்தவர்கள் அறிக்கையில் அது வெற்றி என்றுதான் இருக்கும். எங்கள் கூட்டத்தில் இன்றைக்கும் பெண்கள் அதை வருத்தத்தோடு சொல்வார்கள்.

திரும்பி வந்ததும் குழுவில் இதையெல்லாம் சொன்னேன். உடனே ஒரு மதினி கேட்டார், ‘நமக்கு நெல் விளையாதே, எதைக் கொண்டு நிரப்புறது?’ பேசினோம். பாசி விலை நன்றாகக் கிடைக்கிற மாதங்களில் வாரம் ஒரு படி அரிசி என்று முடிவானது. ரேஷன் அரிசியானாலும் சரி, வண்டு இருக்கக்கூடாது. இரண்டு நீல டிரம் வாங்கினோம், மேலே காய்ந்த வேப்பிலை போட்டு மூடினோம். முதல் தடைக்காலத்தில் பதினோரு வீடு சேர்ந்தது. ஒரு வீட்டில் திருப்பித் தர முடியாமல் போய், அந்தம்மா மூன்று மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசி, அடுத்த சீசனில் கொடுங்கள் என்று அழைத்துவந்தோம். போன வருஷம் இருபத்தாறு வீடு.

இந்த வருஷம் நாங்களும் ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறோம், மூன்று கொண்டி வைத்து. ஒரு சாவி கருவாடு போடுகிற ஆச்சியிடம். இன்னொன்று கல்லூரியில் படிக்கிற பெண்ணிடம். மூன்றாவதை மண்டபம் முகாமிலிருந்து நம் ஊருக்குக் கல்யாணம் ஆகி வந்த ஒரு பெண்ணிடம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், ஊர்க்காரியிடம்தான் இருக்கவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் முதல் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறோம். பக்கத்து ஊர்க் குழுக்களில் இருந்து வந்து பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம், வரும்போது ஒரு படி அரிசியோடு வாருங்கள்.

வணக்கம்.