ஸ்டெப்டோ குன்றைக் காப்பாற்றியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் பலூஸ் என்றொரு புல்வெளிப் பிரதேசம். அங்கே தனியாக நிற்கிறது ஸ்டெப்டோ குன்று. உயரம் 1,101 மீட்டர்தான். ஆனால் சுற்றிலும் தாழ்ந்த மேட்டு வயல்கள் என்பதால் வெகு தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

அதன் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு திரும்பத் திரும்ப வழிந்து அந்த வட்டாரத்தையே மூடியபோது, இந்தக் குன்றின் தலை மட்டும் முழுகவில்லை. அப்புறம் காற்று கொண்டுவந்து குவித்த புழுதி மண்தான் இன்றைய வயல்கள்.

அந்த மண்ணை நம்பித்தான் ஓக்ஸ்டேல், கார்ஃபீல்டு, ரோசாலியா போன்ற சிற்றூர்கள் பிழைக்கின்றன. முக்கியமாகக் கோதுமை, கூடவே மைசூர் பருப்பு, கொண்டைக்கடலை. இந்தியாவுக்கும் இங்கிருந்து பருப்பு கப்பலேறியிருக்கிறது. மேடுகளின் சரிவு அதிகம் என்பதால், சக்கரங்கள் சாய்ந்தாலும் உடல் மட்டமாகவே நிற்கும் அறுவடை இயந்திரங்களை ஓட்டுகிறார்கள்.

இந்த விளைச்சலுக்காகப் பழைய புல்வெளி போயே போய்விட்டது. நூற்றில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ஏர் ஏற முடியாத இந்தக் குன்றின் சரிவு போன்ற இடங்களில்தான் இன்னமும் கொத்துக் கொத்தாக அந்தப் புல் முளைக்கிறது. வசந்தத்தில் அதற்கு நடுவே சூரியகாந்தி இனத்து மஞ்சள் பூக்கள்.

1888-ல் கேஷப் டேவிஸ் என்பவர் உச்சியில் தொலைநோக்கியோடு ஓட்டல் கட்டினார். ஆரம்பத்து ஆரவாரம் நிலைக்கவில்லை. 1896-ல் அவர் காலமானார். 1911-ல் ஓட்டல் எரிந்துபோனது.

என் மனதில் நிற்பவர் வர்ஜில் மெக்ராஸ்கி. குன்றின் பக்கத்திலேயே வளர்ந்தவர். கோல்ஃபாக்ஸ் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தார். சொந்தப் பணத்தில் குன்றின் நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கி, 1940-களில் மாநிலப் பூங்காவுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு விடவில்லை. பக்கத்து ஐடஹோ மாநிலத்தில் காட்டு நிலம் வாங்கி, அம்மா பெயரில் பூங்காவாக்கக் கொடுத்தார். அரசு தயங்கியது. 15 ஆண்டு நீங்களே பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1955-ல் ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு எண்பது நெருங்கிவிட்டது. சரி என்றார். 1970-ல் இறக்கும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

2016-ல் ஸ்டெப்டோ பூங்காவை ஒட்டிய சரிவு நிலம் ஏலத்துக்கு வந்தது. அங்கே கட்டடம் எழும்பிவிடக் கூடாதே என்று தனிமனிதர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கினார்கள். பிறகு அதுவும் மாநிலத்தின் பாதுகாப்புக்கு வந்தது. நன்றி, வணக்கம்.